எல்லாப் புள்ளைக்கும் ஒரே தொண்டை

சகாதேவனுக்குச் சினிமாப் பைத்தியம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டு கண்ணும் தெரியாத ஆளுக்குச் சினிமாவில் என்ன வேலை என்பார்கள். அடி அண்ணாமலையில் யாரும் சிரிப்பதில்லை. சிரித்தவர்கள் ஒருமுறை அவனோடு மேட்னி பார்த்துவிட்டு வந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

டவுன் தியேட்டரில் பெஞ்சு டிக்கெட் எடுத்து, தலையைக் குனிந்து, இடது காதைத் திரைக்குக் கொடுத்துவிட்டு உட்காருவான். சண்டை வந்தால் கொட்டாவி விடுவான். யாராவது பேச ஆரம்பித்தால் நிமிர்வான். இடைவேளையில் முறுக்கைக் கடித்துக்கொண்டு அவன் தீர்ப்புச் சொல்லும்போது சுற்றிலும் பத்துப் பேராவது நிற்பார்கள்.

"பேசறது கதாநாயகி இல்லடா. போன மாசம் ஒரு படத்துல போலீஸ்காரன் பொண்டாட்டி அழுதாளே, அந்தத் தொண்ட. இப்ப சளி புடிச்சிருக்குது அவளுக்கு."

"அப்ப அந்தப் புள்ள, சகாதேவா? நொண்டிகினு வந்துதே?"

"அய்ய, அத ஏன் கேக்கற. எந்தப் படமா இருந்தாலும் புள்ளைக்குப் பேசறது ஒரே பொம்பளதான். ஆம்பளப் புள்ளைக்கும் அவதான், பொம்பளப் புள்ளைக்கும் அவதான். நாப்பது வயசுக்குக் கம்மி இருக்காது. 'அம்மா'ன்னு கூப்புடறப்ப கடைசில மூக்கால ஒரு இழுப்பு இழுப்பா பாரு. எல்லாப் புள்ளைக்கும் ஒரே தொண்ட!"

இப்படிச் சொல்லிச் சிரித்தவனுக்கே அந்தத் தொண்டை எதிரில் வந்து நிற்கும் என்று அப்போது யார் கண்டார்கள்.

அவனுக்குப் பார்வை போனது இருபத்து நாலு வயதில். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினான். பானை வெடித்து முகத்தில் அடித்தது. மனைவி எல்லம்மாள் அப்போது ஐந்து மாசக் கர்ப்பம். ஆகவே மகள் எப்படி இருப்பாள் என்று அவனுக்குத் தெரியாது. மூக்கு உன்னுது, நிறம் என்னுது, பிடிவாதம் ரெண்டு பேருதும் என்று எல்லம்மாள் சொல்லியிருக்கிறாள். தென்றல் என்று பெயர் வைத்தது அவன்தான். "காத்த எவனும் கண்ணால பாக்கறது இல்ல. அந்த விசயத்துல ஊரும் நானும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

காடு கொல்லை வேலைக்கு ஆகாமல் போனவனை மல்லாட்டை உடைக்கிற வேலை ஏற்றுக்கொண்டது. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். எண்ணெய்க்குப் போவதை மெஷினில் உடைப்பார்கள். விதைக்கு என்றால் கைதான். பருப்பில் கீறல் விழுந்தாலும் முளைக்காது. ஒழுங்காகச் செய்கிறவர்கள் முதலில் காய்மேல் தண்ணீர் தெளித்து ஊறவிடுவார்கள். ஓடு பதமாகி, விரலுக்கு நோகாமல், சத்தமில்லாமல் பிரிந்து கொடுக்கும். காய்ந்த காயை அப்படியே கொட்டினால் கொட்டகை முழுக்கப் பட்பட்டென்று பொரிகிற மாதிரி இருக்கும், சாயந்தரம் கட்டைவிரல் வீங்கிவிடும். மேட்டுக்கொல்லை ராமன் ஒழுங்காகச் செய்கிறவர். அவர் கொட்டகையில் சகாதேவனும் எல்லம்மாளும் இன்னும் எட்டுப் பெண்களும் ஆனி மாசம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். கண்ணிருக்கிற ஒன்பது பேரைவிட சகாதேவனின் முறத்தில்தான் பருப்பு ஜாஸ்தி.

ராமன் கொட்டகைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கை ஓடுகிறவரை வாயும் ஓட வேண்டும். பேசலாம், பாடலாம், மாமியாரைத் திட்டலாம். சும்மா மட்டும் இருக்கக் கூடாது. சும்மா இருக்கிற வாய் விதையை மெல்லுகிற வாய் என்பது அவருடைய முடிவு. யார் பக்கமாவது பேச்சு நின்றால் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்.

இந்தச் சட்டத்துக்குள்தான் தென்றல் வளர்ந்தாள். நாலு வயதில் அப்பன் பக்கத்தில் குந்தி ஒரு கைப்பிடி காயை எடுத்துக்கொண்டாள். பேசுவதற்கு அவளிடம் மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை. என்ன செய்வாள்? பார்த்தவர்களைப் போலெல்லாம் பேச ஆரம்பித்தாள். செங்கம் பஸ் கண்டக்டர், ஊசி போடுகிற நர்சம்மா, கிரிவலப் பாதையில் வழி கேட்கிற வெள்ளைக்காரி என்று ஒருவர் பாக்கியில்லை. எட்டு வயதில் ராமனையே பேசிக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

"இன்னாமே சரசு, வாய் அசையுது, சத்தம் வரல? விதைய விதைக்கணுமா, உன் வவுத்துல விதைக்கணுமா?"

பெண்கள் முறத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். ராமன் அவள் பின்னால்தான் நின்றிருந்தார். அவரும் சிரித்துவிட்டார்.

"நல்லா வருவடி நீ. ஆனா கை நிக்கக் கூடாது."

"கை நின்னா எனக்குப் பேச்சு வராதுண்ணே" என்றாள் தென்றல். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றிரண்டு ஆனியில் ஒரு நாள் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மலைப் பாதையில் படம் பிடிக்க இடம் பார்க்க வந்த நாலு பேர் ஓடிவந்து கொட்டகை ஓரமாக ஒதுங்கினார்கள். அவர்களில் தாடி வைத்திருந்தவன் இளஞ்செழியன். டைரக்டர், அவனுக்கு அதுதான் முதல் படம். உள்ளே ஒரு கண்டக்டரும் ஒரு நர்சும் சில்லறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை ரொம்ப நேரம் கேட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். கண்டக்டருமில்லை, நர்சுமில்லை. பாவாடை நிறைய ஓட்டோடு ஒரு சின்னப் பெண்.

மறுநாள் காலை பழத்தட்டோடு வீட்டு வாசலில் நின்றான்.

"ஆடு மேய்க்கிற பொண்ணு வேஷங்க. படம் முழுக்க வருது. அப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டு…"

எல்லம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. சொம்புத் தண்ணீரை அவனிடம் கொடுக்காமல் தானே குடித்துவிட்டாள். சகாதேவன் ஒரே கேள்விதான் கேட்டான்.

"நடிக்கிறது எம்பொண்ணு. பேசறது யாருங்க?"

இளஞ்செழியன் திகைத்துப் போனான். "வழக்கமா டப்பிங்ல வேற ஒருத்தங்க பேசுவாங்க. படம் புடிக்கும்போது பேசறது சும்மா அடையாளத்துக்குத்தான். பின்னால ஸ்டூடியோல…"

"தெரியும். நாப்பது வயசு. மூக்கால இழுப்பாங்க."

"ஆமாங்க!" என்றான் இளஞ்செழியன், வாயைப் பிளந்து.

"அவங்க பேசறதா இருந்தா எம்பொண்ணு வரல."

எல்லம்மாளுக்குச் சுர்ரென்று வந்தது. "இந்தாய்யா, வீடு தேடி வந்தவங்களப் பேசற பேச்சா இது? யாரு பேசுனா இன்னா? மூஞ்சி நம்ம புள்ளது. ஊரே பாக்கும்."

"ஊரு பாக்கும். நான்?"

சகாதேவன் மெதுவாகத்தான் சொன்னான். "எனக்கு எம்பொண்ணுன்னா அது அவ குரலுதான். வேற எதுவும் எங்கிட்ட இல்ல. தியேட்டர்ல உக்காந்து, எம்பொண்ணு நிக்கிறான்னு எல்லாரும் விசில் அடிப்பாங்க. நான் மட்டும் எவளோ பேசறதக் கேட்டுகினு இருக்கணுமா?"

இளஞ்செழியன் பழத்தட்டைக் கீழே வைத்தான். "பணம் போடற முதலாளி கையிலதாங்க இருக்குது. ஆனா தென்றலையே பேச வைக்க என்னால முடிஞ்சதெல்லாம் செய்யறேன். சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அனுப்பினார்கள்.

மலையடிவாரத்தில் பதினெட்டு நாள் படம் பிடித்தார்கள். ஊரில் பாதிப் பேர் வேலைக்குப் போகாமல் புளிய மரத்தடியில் கிடந்தார்கள். படக்காரர்கள் போட்ட தக்காளி சாதத்தைத் தின்றுவிட்டு, அதில் உப்புக் கம்மி என்று குறையும் சொன்னார்கள். தென்றல் ஆட்டுக் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். எழுதிக் கொடுத்ததை ஒருமுறை கேட்டால் போதும், அதை நம்ம ஊர்ப் பேச்சாக மாற்றித் திருப்பிக் கொடுத்தாள். இளஞ்செழியன் தாள்களைத் தூக்கிப் பைக்குள் வைத்துவிட்டான். சகாதேவன் மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். அவனுக்கு ஒரு வார்த்தைகூட நடிப்பாகத் தோன்றவில்லை.

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் கடிதம் வந்தது. டப்பிங்குக்குப் புறப்பட்டு வரவும்.

ஒருவர் வாசலுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று எல்லம்மாள் புது மல்லாட்டை ஒரு மஞ்சள் பை நிறையக் கட்டிக்கொண்டாள். நன்றாக வெயிலில் காய்ந்து, குலுக்கினால் சலங்கை மாதிரி சத்தம் போடுகிற காய். விடியற்காலை பஸ் பிடித்துப் பதினோரு மணிக்கு ஸ்டூடியோவில் இருந்தார்கள்.

இளஞ்செழியன் முகம் வாடியிருந்தது என்று எல்லம்மாள் பிற்பாடு சொன்னாள். சகாதேவனுக்கு அது குரலிலேயே தெரிந்தது.

"முதலாளி ஒத்துக்கலைங்க. இந்தப் பேச்சு மதுரைப் பக்கம் புரியுமான்றார். ரெண்டு மணிக்கு ஹைமவதியம்மாவ வரச் சொல்லிட்டார். நான் சண்ட போட்டு ஒண்ணு வாங்கியிருக்கேன். அதுக்குள்ள தென்றல் முதல் ரீல் பேசி முடிச்சிட்டா, ரெண்டு பேர் பேசினதையும் போட்டுக் கேட்டு எது வைக்கிறதுன்னு முடிவு பண்ணுவார்."

உள்ளே இருட்டு. மார்கழிக் குளிர் மாதிரி ஒரு ஏசி. எதிரே திரையில் அவளே ஆட்டோடு நிற்கிறாள், முன்னால் ஒரு மைக். கண்ணாடிக்குப் பின்னால் சவுண்டு இன்ஜினியர் சோமசேகரன். அப்பனும் அம்மாவும் மூலையில் நாற்காலியில் அசையாமல் உட்கார வேண்டும் என்று உத்தரவு.

"கைய மைக்ல தட்டாதம்மா. கீழ விட்டு நேரா நில்லு. உதடு அசையறப்ப பேசு" என்றார் சோமசேகரன்.

திரையில் உதடு அசைந்தது. தென்றல் வாய் திறக்கவில்லை.

மறுபடி ஓட்டினார்கள். "யோவ் பெரியவரே…" என்று ஒரு சத்தம் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. மூன்றாம் முறை அதுவும் வரவில்லை. பத்தாம் முறை அழுகை வந்தது. இளஞ்செழியன் கெஞ்சினான், சாக்லேட் கொடுத்தான், கண்டக்டர் போலப் பேசிக் காட்டினான். மணி ஒன்று ஆயிற்று. அந்த வாயாடிப் பெண் ஊமை மாதிரி நின்றாள். எட்டு வருஷத்தில் அவள் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு அமைதியைச் சகாதேவன் கேட்டதே இல்லை.

அப்போது கதவு திறந்தது. யாரோ உள்ளே வந்து குழந்தையிடம் குனிந்து கேட்டார்கள்.

"தண்ணி வேணுமாடா கண்ணு?"

சகாதேவன் எழுந்தே விட்டான்.

"நீங்கதான?"

"யாருங்க?"

"நொண்டிகினு வந்த பையன் நீங்கதான? போன தீபாவளிக்குத் திருவிழாவுல காணாம போன பாப்பா? அக்கா தங்கச்சி ரெண்டு பேர் வந்து, பெரியவளுக்கும் நீங்களே, சின்னவளுக்கும் நீங்களே. சின்னவ சாவறப்ப எங்க பெஞ்சுல ஒருத்தனும் எச்சி முழுங்கல!"

ஹைமவதி அப்படியே நின்றுவிட்டார். இருபது வருஷமாகப் பேசுகிறார். பெயர் எந்தப் படத்திலும் வந்ததில்லை, தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஸ்டூடியோவுக்கு வெளியே முதல்முதலாக அவரைக் கண்டுபிடித்தவன் கண்ணில்லாத ஒரு மல்லாட்டைக்காரன்.

"என்னைத் தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"தெரியாம இன்னா? உங்களுக்குப் பயந்துதான் வந்திருக்கறன்."

விஷயத்தை இளஞ்செழியன் சொன்னான். ஹைமவதி திரையைப் பார்த்தார், படம் பிடித்தபோது பதிந்த பேச்சை ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு விளையாட்டாக அதைத் தானே சொல்லிப் பார்த்தார். "யோவ் பெரியவரே, மல சுத்தறவன் நேரா பாத்துகினு போவணும். நீ இன்னா ஆட்டையே பாக்கற?"

மூக்கு இழுப்பு இல்லை. நாற்பது வயது இல்லை. அச்சு அசல் தென்றல். வாழ்க்கையில் முதல்முறையாகக் காது சகாதேவனை ஏமாற்றியது. இனி தியேட்டரில் உட்கார்ந்தாலும் யார் பேசுகிறார்கள் என்று தனக்கே தெரியாமல் போய்விடும் என்று பட்டது. அந்தப் பயத்தில் மகள் பக்கம் கையை நீட்டினான். அவள் கை அகப்பட்டது. விரல்கள் காற்றில் எதையோ அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கை நின்னா பேச்சு வராதுன்னு சொன்னவளாச்சே!" என்று கத்தினான். "எம்மே, அந்தப் பைய எடு!"

ஒரு கைப்பிடி மல்லாட்டையை அவள் கையில் திணித்தார்கள். விரல் ஓட்டை அழுத்தியதும் பேச்சு மடை திறந்தது. "யோவ் பெரியவரே!" என்றாள் தென்றல், ஸ்டூடியோ கிடுகிடுக்க. கூடவே பட், பட், பட் என்று ஓடு வெடித்தது.

"கட்! கட்!" சோமசேகரன் ஓடிவந்தார். "என்னய்யா இது, பட்டாசுக் கடையா? சத்தம் அத்தனையும் மைக்ல விழுது. வெளிய எடுத்துட்டுப் போங்க."

"ஐயா, ஒரு வாளித் தண்ணி குடுங்க. அரை மணி நேரம் பொறுங்க" என்றான் சகாதேவன்.

"தண்ணி எதுக்கு?"

"ஊறுன காய் சத்தம் போடாதுங்க. எங்க கொட்டாய்ல கேட்டுப் பாருங்க."

சோமசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே கால். இரண்டு மணிக்குமேல் நேரம் ஹைமவதியுடையது. ஹைமவதி கைப்பையை நாற்காலியில் வைத்தார்.

"நான் இன்னும் வரலை சோமு. டீ குடிக்கப் போறேன். நீங்களும் வாங்க. எனக்கு மூணு மணிக்குப் பேசினாப் போதும்."

அவர்கள் டீ குடித்து வருவதற்குள் எல்லம்மாள் வாளிக்குள் கைவிட்டுப் பிசைந்து பிசைந்து காயைப் பதமாக்கிவிட்டாள். நனைந்த காயைப் பாவாடையில் கட்டிக்கொண்டு தென்றல் மைக் முன்னால் நின்றாள். திரையில் உதடு அசைந்தது. இருட்டில் விரல் அசைந்தது. ஓடு வாயைத் திறந்து மூடுகிற மீன் மாதிரி சத்தமில்லாமல் பிரிந்தது. பேச்சு வந்தது பாருங்கள், சோமசேகரன் நிறுத்தவே மறந்துபோனார். ஒரே மூச்சில் முதல் ரீல்.

ஆடு காணாமல் போகிற இடத்தில் மட்டும் ஒரு காய் சரியாக நனையாமல் கிடந்திருக்கிறது. டக். எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். தென்றல் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தாள்.

"அந்த இடத்த மறுபடி எடுக்கணும்" என்றார் சோமசேகரன்.

"இந்த அழுகை மறுபடி வராது. விடுங்க" என்றான் இளஞ்செழியன்.

மூன்று மணிக்கு ஹைமவதி பேசினார். தென்றலைப் போலவே பேசினார், பிசிறு இல்லாமல். அது அவர் தொழில், அதில் அவர் கள்ளம் செய்யவில்லை. வெளியே வந்து சகாதேவன் கையைப் பிடித்துக்கொண்டார். "முதலாளி என்ன முடிவு பண்ணுவாரோ, எனக்குத் தெரியாது. ஆனா என் தொழிலுக்கு ஒரு ஆள் வந்தாச்சு" என்றார். மிச்சப் படத்தையும் இரண்டு பேரும் இரண்டு நாளில் தனித்தனியாகப் பேசி முடித்தார்கள்.

எந்தக் குரலை வைத்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. தைப் பொங்கலன்று படம் வந்தது. அடி அண்ணாமலையிலிருந்து இரண்டு லாரி ஆள் கிளம்பியது. ராமன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். தியேட்டர் வாசலில் மகள் படம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. எல்லம்மாள் அதை நெற்றியிலிருந்து பாதம்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சகாதேவன் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இடது காதைத் திருப்பிக்கொண்டான். மடியில் தென்றல்.

மலை தெரிந்தது. ஆடு கத்தியது. அவள் வந்தாள். தியேட்டரே எழுந்து விசிலடித்தது, காகிதத்தைக் கிழித்து வீசியது. எட்டு வருஷம் பொத்திவைத்த குரல் அந்த இரைச்சலில் எங்கேயோ முங்கிப்போனது. சகாதேவன் பெஞ்சின்மேல் ஏறி நின்றான்.

"டேய்! வாய மூடுங்கடா! பாக்கறவங்க பாத்துகினு கெடங்க. கேக்கறவன் ஒருத்தன் கீறன்!"

தியேட்டர் அடங்கியது.

"யோவ் பெரியவரே, மல சுத்தறவன் நேரா பாத்துகினு போவணும்…"

தென்றல். ஆனால் தென்றலா? ஹைமவதியும் இதே மாதிரிதானே சொன்னார். மடியில் இருப்பவளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கப் பிடிக்கவில்லை, தன் காதால்தான் தெரிய வேண்டும். ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். ஒவ்வொன்றும் மகளாக இருந்தது, ஒவ்வொன்றும் அந்தம்மாவாகவும் இருக்கலாம். ஊர் சிரித்தது. அவன் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திரையில் ஆடு காணாமல் போனது. "ஏ வெள்ளச்சி… ஏ வெள்ளச்சி…" என்று அவள் மலையைப் பார்த்துக் கூப்பிட்டாள். தியேட்டரில் ஒரு செருமல் இல்லை. அந்தக் கூப்பாட்டுக்கு நடுவில், கூழாங்கல் உருண்ட மாதிரி, ஒரு சத்தம்.

டக்.

ஆட்டுக் குளம்பு பட்ட சத்தம் என்று ஆயிரம் பேர் நினைத்திருப்பார்கள். சகாதேவன் வாய்விட்டு அழுதான். மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

"யோவ், இன்னா ஆச்சு உனக்கு? ஆடு கெடைச்சிடும்யா" என்று எல்லம்மாள் முழங்கையால் இடித்தாள்.

தென்றல் அவன் காதருகே வந்தாள். "நைனா, கேட்டுதா?"

"கேட்டுதும்மா."

இடைவேளைக்கு விளக்கு போட்டார்கள். ராமனும் சரசும் மற்றவர்களும் முறுக்குப் பொட்டலத்தோடு பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். வழக்கமாகக் கேட்பவன்தான் கேட்டான், ஆனால் அன்றைக்கு அவன் குரலிலும் ஒரு பயம் இருந்தது.

"சொல்லு சகாதேவா. யாரு தொண்ட?"

சகாதேவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். முறுக்கை வாங்கி ஒரு கடி கடித்தான். மென்று முழுங்கும்வரை அத்தனை பேரையும் நிற்க வைத்தான்.

"எம்பொண்ணு" என்றான்.